விநாடிக்கு நாற்பது சென்டிமீட்டர்

என் கருவியின் கண்ணாடி வில்லையைக் காகிதத்தால் துடைக்கக் கூடாது, கீறல் விழும். என் பழைய பனியனைக் கிழித்துத்தான் துடைப்பேன். மூன்று வருடத்தில் ஒரு கீறல் கிடையாது.

ஆலையில் மிஞ்சும் விஷவாயு ஒரு பெரிய குழாய் வழியே போய், உயரமான புகைபோக்கியின் உச்சியில் எரியும். எவ்வளவு போகிறது என்று பார்ப்பது என் வேலை. குழாயின் குறுக்கே இரண்டு ஒளிக்கற்றைகள். வாயுவோடு வரும் தூசு முதல் கற்றையில் ஒருமுறை மின்னும், அடுத்ததில் ஒருமுறை மின்னும். இடையில் ஆன நேரத்தை வைத்துக் கருவி வேகத்தைச் சொல்லிவிடும். பழைய மீட்டருக்கு மெல்லிய ஓட்டம் தெரியவே தெரியாது. இதற்குத் தெரியும்.

என் மனைவியின் அண்ணன் அங்கே ஃபிட்டர்களுக்கு ஃபோர்மேன். கேன்டீனில் எல்லோர் முன்னாலும், "என்ன மாப்ள, இன்னைக்கு எத்தனை தூசி எண்ணுனீங்க?" என்பார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். ஆனால் அதற்காகச் செய்யவில்லை, நான் அவ்வளவு அற்பன் இல்லை. கருவியைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டச் சொல்லி மேனேஜருக்கு எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை கூட்டம். அவர் பேச்சு எடுபடும்.

வியாழன் காலை குழாயின் மூடியைக் கழற்ற ஏறினார். வாயுவை நிறுத்தியாகிவிட்டது என்றார்கள். ஆனால் ஒரு வால்வு கசிந்துகொண்டிருந்தது. என் கருவி மட்டும்தான் அதைக் கண்டுபிடித்தது: விநாடிக்கு நாற்பது சென்டிமீட்டர். வாக்கிடாக்கியில் அவர் குரல் வந்தது.

"மாப்ள, உங்க ஆளு என்ன சொல்றாரு?"

"சைபர், மச்சான். தைரியமா தொறங்க."

"அப்போ இந்த முகமூடி எதுக்கு, மூச்சு முட்டுது. உங்களை நம்பிக் கழட்டுறேன்."

மூன்று மூச்சில் சாய்ந்துவிட்டார். துடிக்கவில்லை என்றார்கள். அந்த மணிநேரப் பதிவை அழித்தேன்.

அவரோடு கருவியைக் கழற்றும் பேச்சும் முடிந்துவிடும் என்று நினைத்தேன். விசாரணை அறிக்கையில் 'கருவிக் கோளாறு' என்று எழுதி, அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போனால் மனைவி, "அந்தப் பாழாப்போன மெஷின் எங்கண்ணனைக் கொன்னுடுச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பது? அபாண்டம் இல்லையா?

அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன் ஐயா, யாரும் இழுத்து வரவில்லை. அழிக்கும் முன் எடுத்த பிரதி இதோ. கருவி ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. பொய் சொன்னது நான், கொன்றது நான். அறிக்கையில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். உண்மை தெரிந்தால் என் மனைவிக்கும் மனசு ஆறிவிடும்.