கடைசிக்கு முந்தின இடம்

சிங்கப்பூர் தனி நாடாகி ஓரிரு வருடம் இருக்கும். சிராங்கூன் ரோட்டில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் தேங்காய்ப் பையை மடியில் வைத்திருந்தவர், பக்கத்தில் இருந்த பெரியவரிடம் பூரிப்போடு சொன்னார்:

"நம்ம குதிரை கடைசிக்கு முந்தின இடத்துல வந்துட்டுது, அண்ணே!"

"அதுக்கா தேங்காய்? புக்கிட் தீமா ரேஸ்ல அப்படி வந்த குதிரைய எவனாவது திரும்பிப் பார்ப்பானா?"

"அது ஓடுற குதிரை. இது வெளிநாட்டுல கட்டை தாண்டுற போட்டி லா. அதுக்கு நம்ம கொடியோட போன முதல் ஆளு. கடைசியா மட்டும் வராம இருந்தா தேங்காய் உடைக்கிறேன்னு அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். ரேடியோவுல கேட்கிற வரைக்கும் சோறு இறங்கல."

"வேண்டுறதுதான் வேண்டுறே, முதல் பரிசே கேட்டிருக்கலாமே?"

"ஆத்தாவுக்குச் சங்கடம் கொடுக்கக்கூடாது, அண்ணே. நம்மகிட்ட இருக்கிறதே ஒரு குதிரை."

பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, கடைசியா வந்தது எந்த நாடு?" என்றார்.

"இத்தனை வருஷமா இங்க குதிரை மேல உட்கார்ந்து நம்மள வேலை வாங்குனானே, அந்த வெள்ளைக்காரன்தான்!"

பெரியவர் சட்டென்று எழுந்து நின்றார்.

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா? பஸ் மணிய அடி, நானும் கோயில்ல இறங்குறேன். எனக்கும் ஒரு காய் கொடு."