பழனியாண்டிக்கு முறைப்படி நடந்த விசாரணை

நியாயம் தெய்வத்துக்குச் சமம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அது ஆபீஸ் வராந்தாவில், துரை காலைத் தேநீர் குடித்து முடித்த பிறகு நடக்கும்.

ஐயா, தொழில் நீதிமன்றத் தலைவரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவனை வேலையிலிருந்து நிறுத்த முறைகள் இருக்கின்றன. குற்றத்தை அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவன் பதிலைக் கேட்க வேண்டும். சாட்சி வேண்டும். பழனியாண்டி விஷயத்தில் எதையும் நான் விடவில்லை. பெரிய கிளாக்கர் என்பதால், துரைக்கும் அவனுக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்தவனும் நானே. தோட்டத்தை நடத்தும் துரை சீமையிலிருந்து புதிதாக வந்த வெள்ளைக்காரர். தமிழில் 'சலாம்' மட்டும் தெரியும்.

குற்றம், தேயிலைச் செடி வெட்டும் தோட்டத்துக் கவ்வாத்துக் கத்தியைத் திருடி விற்றது. சாட்சி, கங்காணி ஆண்டியப்பன். பழனியாண்டியின் கையில் கத்தி இல்லாததை அவர் கண்ணால் கண்டிருந்தார்.

"பெரட்டுக் களத்துல வச்சுட்டுத் தண்ணி குடிக்கப் போனேங்க. வந்து பாத்தா காணோம். அதை வித்து நான் என்ன பங்களாவா கட்டப் போறேன், கிளாக்கரையா?" என்றான் பழனியாண்டி.

வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். விசாரணையின் மதிப்பைக் காக்க வேண்டியிருந்ததால், அவன் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகத் துரைக்கு இங்கிலீசில் சொன்னேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அந்த மாசியில் நடந்த காமன் கூத்தில் அவன் கோமாளி. என்னைப் போல் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு வந்து, "நம்ம கிளாக்கரையா இங்கிலீசு பேசுனா தொரை வூட்டு நாய்க்குத்தான் வெளங்குது!" என்றான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். கோமாளியைத் தண்டிக்கச் சட்டத்தில் வழியில்லை. ஆகவே கத்தி தேவைப்பட்டது. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் அந்தப் பெரட்டுக் களத்திலிருந்து எடுத்து என் வீட்டு அரிசிப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். தோட்டத்துச் சொத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

துரை நீளமாகப் பேசினார். பிறகு எழுந்து வந்து பழனியாண்டியின் தோளில் தட்டிச் சிரித்தார்.

அவன் மனைவி ராக்காயி, "தொரை சிரிக்கிறாருங்களே ஐயா, மன்னிச்சுட்டாருங்களா?" என்றாள்.

வேலை போனவனை மரியாதையாக அனுப்புவது வெள்ளைக்காரர் வழக்கம் என்று விளக்கினேன். வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டை நானே எழுதி, சாயங்காலம் மற்றக் காகிதங்களோடு வைத்தேன். துரை எல்லாவற்றிலும் கையெழுத்திட்டார். படித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

வேலை போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையும் போகும். ராக்காயி விரும்பினால் வேலையில் தொடரலாம் என்ற உரிமையையும் மறைக்காமல் சொன்னேன். "அவரைத் தெருவுல விட்டுட்டு நான் மட்டும் இங்க கெடக்கவா?" என்றாள். அது அவளுடைய சுயவிருப்பம். வேறு தோட்டங்கள் அவர்களைச் சேர்க்கவில்லை. ஹட்டன் ரயில் ஸ்டேசனில் படுத்துக் கிடந்தார்கள். அந்தக் குளிரை அவர்களுடைய கைக்குழந்தை தாங்கவில்லை. அது சுகாதாரப் பகுதிக்குரிய விஷயம். வேலை நீக்கத்தோடு சேர்த்துக் குழப்பக் கூடாது.

துரை சீமைக்குத் திரும்பிவிட்டதால், அன்று அவர் சொன்ன தீர்ப்பு என்ன என்று என்னையே மறுபடியும் கேட்கிறீர்கள்.

எனக்குத் தெரியாது, ஐயா. துரை பேசும் இங்கிலீசு எனக்குப் புரிவதில்லை.