தொடாப் பெட்டி

கைரொல்லா: என்ன உல்போசின், கோப்பை நிறைய ஊத்திட்டீங்க? எழுந்து போன்னு சொல்றீங்களா?

உல்போசின்: கை தவறிடுச்சு, கைரெகே. குடிங்க.

கைரொல்லா: இத்தனை வருஷமா பாதிதான் ஊத்துவீங்க. தீர்ந்ததும் நீட்டணும், மறுபடி உட்காரணும். விருந்தாளியை நிறுத்தி வைக்கிறதே அந்தப் பாதிக் கோப்பைதானே...

உல்போசின்: இன்னைக்குக் கிளம்பறது நான். சாயங்காலம் ரயில். பையன் வண்டியை எடுத்துட்டு வந்துட்டிருக்கான்.

கைரொல்லா: அஸ்தானாவுல காத்து ஆளையே தூக்கும். அல்மாட்டியை விட்டுட்டு அங்க என்ன இருக்கு உங்களுக்கு?

உல்போசின்: பேரன் இருக்கான். மருமக சமையலறை இருக்கு. ஓரமா ஒரு கட்டில் இருக்கு.

கைரொல்லா: வெட்டுக்கிளி?

உல்போசின்: அது இருக்காது. இந்த ஆய்வறையை நாளைக்கு வேற யாருக்கோ தர்றாங்க. காலையிலதான் எல்லாப் பூச்சியையும் உறைபெட்டியில வச்சுக் கொன்னேன்.

கைரொல்லா: எல்லாத்தையுமா?

உல்போசின்: ஒண்ணு பாக்கி. ஜன்னலோரம் இருக்கே, தொடாப் பெட்டி... அந்தப் பக்கம் ஏன் பார்க்கவே மாட்டேங்கிறீங்க?

கைரொல்லா: எனக்கென்ன. நான் பக்கத்து அறையில வண்டோட இதயம் பார்க்கிறவன். பூச்சிக்குக் கால் பிடிச்சு விடறதெல்லாம் உங்க வேலை.

உல்போசின்: கேலி பண்ணுங்க. எல்லாம் தனியாவே வளர்ந்த வெட்டுக்கிளி. பின்னங்காலைத் தூரிகையால தடவிக்கிட்டே இருந்தா, பக்கத்துல யாரோ இருக்காங்கன்னு அதோட நரம்பு நம்பிடும். அப்புறம் கூட்டத்தைத் தேடி ஓடும். இந்த ஒரு விஷயத்துக்கே என் ஆயுசு போச்சு.

கைரொல்லா: தெரியும்... கடைசியில தொடாப் பெட்டியில தடவாம விட்டதும் ஓடிச்சு.

உல்போசின்: ரெண்டு பருவமா ஓடிச்சு. தொடாதது அப்படியே இருந்தாத்தான், தொட்டதைப் பத்தி நான் வாயைத் திறக்க முடியும். கட்டுரை அப்படியே நின்னுபோச்சு. திரும்பச் செய்யறேன்னு கேட்டேன், நிறுவன இயக்குநர் என் வேலையை ஒரு வருஷம் நீட்டிச்சார். இந்தத் தடவை கேட்டதுக்குச் சிரிச்சார்.

கைரொல்லா: அவர் கிடக்கார். வெந்நீர்க் குழாய் அதிர்ந்திருக்கும். குளிர்காலத்துல அது போடற ஆட்டம் தெரியாதா...

உல்போசின்: குழாய்க்கு ஒட்டக ரோமம் முளைக்குமா?

கைரொல்லா: எ... என்ன?

உல்போசின்: பெட்டி மூடியில சிக்கியிருந்துச்சு. உங்க வீட்டம்மா பின்னின ஸ்வெட்டரோடதுதானே அது? கைப்பக்கம் பிரிஞ்சு தொங்குது பாருங்க.

கைரொல்லா: இந்த அறைக்கு யார் வேணும்னாலும் வரலாம். பூட்டு கெட்டுக் கிடக்குன்னு நீங்கதானே மாடி முழுக்கச் சொல்லிட்டிருந்தீங்க.

உல்போசின்: மாடி முழுக்க இல்ல. உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்.

கைரொல்லா: ...டீ ஆறிடுச்சு.

உல்போசின்: பேச்சை மாத்தாதீங்க.

கைரொல்லா: என்ன சொல்லச் சொல்றீங்க? நீங்க வேலையை முடிச்சுட்டுப் போயிட்டா, இந்த மாடியில என் அறையில மட்டும்தான் விளக்கு எரியும். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தப்பறம் நான் வாய்விட்டுப் பேசற ஆளு நீங்க ஒருத்தர்தான். சாயங்காலம் நீங்க வீட்டுக்குப் போனதும் வருவேன். தூரிகையை எடுத்துத் தடவாததையும் தடவிட்டு... வேலை முடியலைன்னா இன்னும் ஒரு வருஷம் இருப்பாங்களேன்னு...

உல்போசின்: என் கடைசி வேலை, கைரெகே.

கைரொல்லா: தெரியும். திட்டுங்க. நல்லாத் திட்டிட்டுப் போங்க.

உல்போசின்: திட்டணும்னா அந்த ரோமத்தைப் பார்த்த அன்னைக்கே திட்டியிருப்பேன். அது முதல் பருவம்.

கைரொல்லா: முதல் பருவத்துலயேவா? அப்ப... பூட்டைச் சரிபண்ண ஏன் ஆள் கூப்பிடல?

உல்போசின்: கீழ ஹார்ன் அடிக்குது. பையன் வந்துட்டான். அந்தப் பையை எடுங்க.

கைரொல்லா: சொல்லிட்டுப் போங்க, உல்போசின்.

உல்போசின்: பூட்டு என்னிக்குமே கெடல, நான்தான் பூட்டாம விட்டேன். சாயங்காலம் நான் வீட்டுக்கும் போகல... கீழ முன்வாசல் பக்கத்து நூலகத்துலதான் உட்கார்ந்திருப்பேன். இந்த அறை விளக்கு அணைஞ்சதும், 'போகாதீங்க'ன்னு என்கிட்டயே சொல்ல இறங்கி வருவீங்கன்னு பார்த்துக்கிட்டு. நீங்க தினம் பின்வாசல் வழியாப் போயிட்டீங்க.