மூடி இல்லாத தரை

"நாறுது அண்ணி, நான் குத்தம் சொல்லல, ஆனா..."

"நாறல. ஈரம். ஈர வாசனை வேற, நாத்தம் வேற. மூக்குன்னு ஒண்ணு இருந்தா..."

"இருக்கறதாலதானே சொல்றேன். உள்ள படுத்தா தலைவலி வருது. மரம் போட்டா..."

"மரம் போட்டா வழுக்கும்."

"வழுக்கினா பிடிச்சுக்க ஆள் இருக்கே," என்று சொல்லிவிட்டு அவள் என் தம்பியைப் பார்த்தாள். அவன் சிரித்தான்.

பேச்சு ஒரு பழைய கார்ப்பெட்டைப் பற்றித்தான். எந்த வீட்டிலும் நடக்கிற பேச்சு. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

படகு என் தம்பியுடையது. ஏரியில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவான். முன்பக்கம் ஒருவர் கால் நீட்டிப் படுக்க ஒரு சின்ன அறை. அதன் கதவு உள்பக்கமாகத் திறக்கும். நான் படகுத்துறையில் தகரக் கொட்டகை போட்டு இருக்கை உறை தைக்கிறவள். அவன் படகு வாங்கியபோது கார்ப்பெட்டை அளந்து, வெட்டி, ஓரம் அடித்துப் போட்டுக் கொடுத்தது நான். ஏறுகிறவர்களிடமெல்லாம் "அக்கா போட்டது, பாத்துக் கால் வைங்க" என்பான். அம்மா போன பிறகு அவனை வளர்த்ததும் நான்தான். அதையெல்லாம் சொல்லிக்காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவனுக்குத் தலை நரைத்த பிறகு கட்டிக்கொண்டு வந்தான். நல்ல பெண். புருஷனின் அக்கா என்பதால் என்னை அண்ணி என்பாள், மரியாதையாகத்தான் இருந்தாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் தொந்தரவாக இருந்தது.

எங்கள் படகில் யாரும் செருப்பு போடுவதில்லை. சுத்தத்துக்காக இல்லை. தரைக்கு அடியில் தண்ணீர் சேர்ந்தால் முதலில் கார்ப்பெட் நனையும். வெறுங்காலுக்கு அது தெரிந்துவிடும். உடனே தரையில் இருக்கிற மூடியைத் தூக்கிப் பார்ப்போம். முன்னறைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் தடுப்பு உண்டு. தண்ணீர் இறைக்கும் மோட்டார் பின்பக்கம் இருக்கிறது. முன்னால் சேருவது அதற்கு எட்டாது. அதனால் முன்னறைக்குத் தனி மூடி.

டீச்சருக்கு எந்தத் தரை பிடிக்கும் என்று அவன் மரத்துண்டுகளைக் கொண்டுவந்து, மண்டி போட்டு, ஒவ்வொன்றாக அவள் பாதத்துக்குக் கீழே வைத்துப் பார்த்தான். நான் தைத்துக்கொண்டே பார்த்தேன். அவன் அப்படி மண்டி போட்டு நான் பார்த்ததே இல்லை.

கார்ப்பெட்டை நானே பிரித்துத் தருகிறேன் என்றேன். என் தையல், என் கையாலேயே பிரியட்டும் என்று நினைத்தேன். இருவரும் பலகை வாங்கப் போயிருந்தார்கள். முன்னறை மூடியைத் தூக்கியபோது, அங்கே கை கழுவும் தொட்டியிலிருந்து வெளியே போகிற ரப்பர் குழாய் வெடித்து ஈரம் கசிவதைப் பார்த்தேன். அதன் மறுமுனை ஏரி மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, குழாய் விட்டுப்போனால் ஏரித் தண்ணீர் உள்ளே வரும். தம்பியிடம் சொல்லத்தான் இருந்தேன். இருவரும் ஒரே குளிர்பானத்தை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு வந்தார்கள். பிறகு சொல்லலாம் என்று மூடிவிட்டேன்.

தச்சர் வந்தபோது நான் மட்டும்தான் இருந்தேன். மூடி எங்கே வெட்டணும் என்று கேட்டார். வேண்டாமாம், டீச்சருக்குத் தரை ஒரே சீராக இருக்கணுமாம் என்றேன். அப்ப சுவரோரம் ஒரு விரல் இடைவெளியாவது விடறேன், ஈரம் பட்டா மரம் ஊதி மேலே எழும்பும் என்றார். இடைவெளியில் தூசி போகும், டீச்சருக்குத் தூசி ஆகாது என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு நெருக்கி அடித்தார். அழகான வேலை. அதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

மூடி எங்கே என்று தம்பி கேட்கத்தான் செய்தான். ஆனால் அதற்குள் டீச்சர் புதுச் செருப்போடு தரையில் இங்கும் அங்கும் நடந்து காட்டினாள். அவள் முகத்தைப் பார்த்ததும், "சரி, பொறவு வெட்டிக்கலாம்," என்றான். அவள் இடத்தில் நானாக இருந்திருந்தால் அப்போதே வெட்டச் சொல்லியிருப்பான்.

இரண்டொரு நாளில், "கதவு அடியில கொஞ்சம் பிடிக்குது அண்ணி," என்றாள். புது மரம் அப்படித்தான், பழகிடும் என்றேன்.

எஞ்சின் சாமான் வாங்கத் தம்பி வெளியூர் போனான். படகு துறையில் கட்டிக் கிடந்தது. மத்தியானம் டீச்சர் புத்தகத்தோடு வந்தாள். படகின் மூக்கு தாழ்ந்திருந்தது, முன்னறைக்கு அடியில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய், வெயிலுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அவளைப் போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினாள்.

"அண்ணி, கதவு நல்லா பிடிச்சுக்கிச்சு. ஒரு தள்ளு தள்றீங்களா?" குரலில் சிரிப்பு இருந்தது.

"மெதுவா இழு," என்றேன். "மரம் கீறிடும்."

பிறகு தண்ணீர் என்றாள். பிறகு என்னை அக்கா என்று கூப்பிட்டாள். என்னை அப்படிக் கூப்பிடுகிறவன் ஒருவன்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் ஒரு நீளத் தையலில் இருந்தேன். நடுவில் விட்டால் இழுவை மாறிவிடும், உறை கோணிப்போகும். முடித்து, நூலை வெட்டி, ஊசியைக் குத்திவைத்துவிட்டுத்தான் எழுந்தேன். எழுந்ததும் ஓடினேன், ஆட்களைக் கூப்பிட்டேன். அதற்குள் முன்னறை முழுகியிருந்தது. துறையில் இருந்த எல்லோரும் அதற்குச் சாட்சி. நான் அவளை ஒரு விரலாலும் தொட்டதில்லை. தரை அவள் கேட்டது, அடித்தது தச்சர், தண்ணீர் ஏரியுடையது. குழாய் எனக்குத் தெரியும், மூடியை வேண்டாமென்றது நான், தட்டியதும் கேட்டது. அவ்வளவுதான் என் பங்கு. அவள் சாகவேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேனா என்று கேட்டீர்கள். ஆமாம்.

நேற்று என்னைப் பார்க்க நீங்கள் தம்பியை ஸ்டேஷனுக்குள்ளே விட்டீர்கள். உங்களிடம் சொன்ன மாதிரியே, ஒன்றும் விடாமல், அவனிடமும் சொன்னேன். அவன் உட்காரவில்லை. சட்டையில் மேல் பொத்தான் அறுந்திருந்தது. அழுகிறானா என்று தெரியவில்லை, சுவரைப் பார்த்து நின்றான். எனக்கு மனசு கேட்கவில்லை.

"விடுடா, போனது போச்சு," என்றேன். "இனிமே உன்னைப் பாத்துக்க என்னை விட்டா யாரு இருக்கா?"