ஈரச் சட்டையில் விடுபட்ட பெயர்

மேடையில் வீற்றிருக்கும் திரைப்படக் கழகத் தலைவர் அவர்களே, ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர் அவர்களே, மறைந்தவரின் மகள் வுலந்தாரி அவர்களே, இந்த யோக்யகர்த்தா அரங்கை நிரப்பியிருக்கும் கலைஞர்களே, விளக்குப் பிடித்தவர்களே, ஒலி பிடித்தவர்களே, எங்களுக்குச் சோறு பொங்கியவர்களே, உங்கள் அனைவர் மீதும் சாந்தி நிலவட்டும்.

திரைப்பட இயக்குநர், திரைக்கதை ஆசிரியர் விர்யோ பாங்கெஸ்து அவர்கள் மறைந்து இன்று நாற்பதாம் நாள். என் பெயர் ருக்மியாதி. முப்பத்தேழு ஆண்டுகள் அவரிடம் வேலை பார்த்தேன், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கடைநிலை உதவியாளராகச் சேர்ந்து தயாரிப்பு நிர்வாகியாக முடித்தேன். எனக்கு அழுது பேச வராது. அதற்கென்று வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் வந்தது ஒரு பெயரைப் பற்றிப் பேச. அண்ணனின் புகழ்பெற்ற படமான 'ஈரச் சட்டை'யில் முப்பத்தாறு ஆண்டுகளாக ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது. காப்பகம் அந்தப் படத்தைப் புதுப்பித்து அடுத்த மாதம் வெளியிடுகிறது. அதற்குள் அந்தப் பெயர் ஏற வேண்டும்.

வாசலில் நாற்பது, ஐம்பது மலர்ப் பலகைகள் நிற்கின்றன. ஆளுயரத்தில் அனுதாபம், அதைவிடப் பெரிய எழுத்தில் அனுப்பியவர் பெயர். வரும்போது படித்துக்கொண்டே வந்தேன். அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்காதவர்கள் எத்தனை பேர்! எடுத்தவர்கள் பலகை அனுப்பவில்லை, நேரில் வந்திருக்கிறார்கள்.

விர்யோ பாங்கெஸ்து யார்? ரயில்வே சிக்னல்காரர் ஒருவரின் மகன். அடுத்தவர் பெயரில் ஒன்பது திரைக்கதை எழுதியவர். தம் பெயரில் பதினான்கு படம் எடுத்தவர். பேய்ப் படம்தான் ஓடும், அதையே எடு என்று நெருக்கினார்கள். சரி என்று, அடையாள அட்டை வாங்க வரிசையில் நிற்கும் ஒரு பேயைப் பற்றி எழுதினார். அந்தப் பேய்க்கு முன்னால் எல்லோரும் இடையில் புகுந்துவிடுவார்கள். படம் ஓடவில்லை. ஆனால் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவர் எப்படி எழுதினார் என்று விமர்சகர்கள் கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். எழுதிய வசனத்தை எடுத்துக்கொண்டு படப்பிடிப்புச் சமையற்கூடாரத்துக்குப் போவார். எங்கள் சமையற்காரர் சரினெம் அக்கா தேங்காய்ப்பால் கிண்டிக்கொண்டிருப்பார். அண்ணன் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார். கரண்டி ஓடிக்கொண்டே இருந்தால் அந்த வரியை அடிப்பார். கரண்டி நின்றால் வைத்துக்கொள்வார்.

அக்கா ஒருநாள் கேட்டே விட்டார். "ஏங்கய்யா, பால் திரிஞ்சா யார் பொறுப்பு? உங்க கதாநாயகி வந்து கிண்டுவாளா?"

"நீ நிறுத்தாம இருந்தா என் படம் திரிஞ்சு போகும். எது பரவால்ல?"

"படத்த யாரு திங்கப் போறா? பால் திரிஞ்சா அறுபது பேரு பட்டினி."

இதுதான் விர்யோ பாங்கெஸ்துவின் திரைக்கதைப் பள்ளி. அவர் வேறெங்கும் படிக்கவில்லை.

இனி 'ஈரச் சட்டை'. லாசெம் கடற்கரையில், மழை மாதமான டிசம்பரில் எடுத்தோம். கப்பலுக்குப் போன கணவன் திரும்பாத ஒரு துணி வெளுப்பவளின் கதை. கடைசிக் காட்சியில் மழை வர வேண்டும். எல்லாத் துணியையும் எடுத்தவள், கணவனின் சட்டையை மட்டும் நனையவிட்டு நிற்க வேண்டும். எழுதியிருந்தது அது.

வெளிப்புறப் படப்பிடிப்பில் நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மழை வராமலிருக்க, குச்சியில் மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தி மண்ணில் தலைகீழாக நடுவோம். கல்யாணமாகாத பெண் நட்டால்தான் பலிக்கும் என்பார்கள். அண்ணனிடம் சேர்ந்த நாளிலிருந்து அந்த வேலை என்னுடையது. குழுவில் கல்யாணமாகாதவள் நான் ஒருத்தி. வயது இருபத்திரண்டு. லாசெம் போன முதல் நாள் காலையிலும், பல் துலக்குவதுபோல, யோசிக்காமல் சமையற்கூடாரத்துக்குப் பின்னால் நட்டுவிட்டேன்.

மழைக்காகப் போன இடத்தில் மழையை நிறுத்தக் குச்சி நட்டேன். இப்படி ஒரு முட்டாள்தனம் உண்டா?

மறுநாளே எனக்கு உறைத்தது. பிடுங்கியிருக்கலாம். பிடுங்கும்போது யாராவது பார்த்துவிட்டால்? பயந்துகொண்டே இருந்துவிட்டேன். ஒவ்வொரு மதியமும் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது, நின்றது, கடல் பக்கம் போனது. மலைப்பக்கத்து ஊர்களில் கொட்டுகிறது என்றார்கள். எங்கள் தலையில் ஒரு சொட்டு இல்லை. ஐந்து நாள் போயிற்று. ஆறாம் நாள் மாலை நடிகை ஊர் திரும்பியாக வேண்டும்.

ஐந்தாம் நாள் தயாரிப்பாளர் கண்ணில் அந்தக் குச்சி பட்டது. அவர் இன்று உயிரோடு இல்லை, பெயர் வேண்டாம். குச்சியைப் பிடுங்கிக்கொண்டு நேராகச் சரினெம் அக்காவிடம் போனார்.

"இது உன் மிளகாதானே?"

"என் கூடை மிளகாதான். நான் நடலை."

"ஓகோ! மிளகா தானா நடந்து போயி மண்ணுல தலைகீழா நின்னுச்சா?"

"மூணு புள்ள பெத்தவ நட்டா மழை நிக்குமாய்யா? ஊர்ல யார வேணாலும் கேளுங்க."

கூட்டம் சிரித்தது. தயாரிப்பாளருக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது, கோபம்தான் ஏறியது. ஆனால் நண்பர்களே, அந்தப் பதிலில் எல்லாம் இருந்தது. பிள்ளை பெற்றவள் நடவில்லை என்றால் யார் நட்டது? அக்காவுக்குத் தெரியும். அவர் விரல் நீட்டவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

மறைந்தவரைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்பது மரபு. இருந்தாலும் சொல்கிறேன், அன்று அண்ணனும் வாய் திறக்கவில்லை. சோற்றுப் பானையையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று பிற்பகல் பேருந்தில் அக்காவை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். படத்தின் பெயர்ப் பட்டியலிலிருந்தும் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அண்ணன் நோட்டை எடுத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் சமையற்கூடாரத்துக்குப் போனார். அடுப்பு அணைந்திருந்தது. அதே மரப்பெட்டியில் தனியாக உட்கார்ந்து எழுதினார். மறுநாள் காலை எடுத்த காட்சி உலகுக்கே தெரியும். மழை இல்லை. கொடியில் கணவனின் சட்டை மொரமொரவென்று காய்ந்து கிடக்கிறது. அவள் ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, நனைத்து, மறுபடி கொடியில் போடுகிறாள். வசனமே இல்லை. சட்டை காயாதவரை அவன் இப்போதுதான் கிளம்பிப் போனவன். படத்தின் பெயரும் அன்றுதான் பிறந்தது.

ஆழ்ந்த சிந்தனையின் விளைவு என்று எழுதினார்கள். பேராசிரியர்கள் அந்த வாளிக்கு விளக்கம் சொன்னார்கள். எல்லாம் சரி. அதற்குக் காரணம் ஒரு மிளகாய், அதற்கான தண்டனையை அனுபவித்தது ஒரு சமையற்காரர்.

அடுத்த படம் அக்கா இல்லாமல் எடுத்தார். அதில் எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள், நல்லது. அது வெளியான வாரமே, அதாவது இரண்டே நாளில் ஓடி முடிந்ததும், அண்ணன் அக்காவின் ஊருக்குப் போனார். நானும் கூடப் போனேன். அக்கா அப்போது சந்தையில் கீரை விற்றுக்கொண்டிருந்தார். பெரிய பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டிருந்தான்.

அண்ணன், "மன்னிச்சிடு" என்றார்.

அக்கா, "கீரை வாங்குறீங்களா, இல்ல கடையை மறைக்கிறீங்களா?" என்றார்.

அண்ணன் முழுக் கூடையையும் வாங்கினார். அக்கா திரும்பி வந்தார். அதற்குப் பிறகு வந்த எல்லாப் படங்களிலும் சரினெம் அக்காவின் பெயர் இருக்கிறது. அவர் சமைத்தும் பெயர் இல்லாதது ஒன்றில்தான்.

அவையோரே, அந்தக் குச்சியை நட்டது நான். இதைச் சொல்ல எனக்கு முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. சரினெம் அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கையை ஆட்டி என்னை உட்காரச் சொல்கிறார். முடியாது அக்கா, இன்று முடித்துவிட்டுத்தான். உங்கள் முன்னால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் பையனின் படிப்பை என்னால் திருப்பித் தர முடியாது. பெயரைத் தர முடியும். காப்பகப் பொறுப்பாளர் அவர்களே, புதிய பிரதியில் 'சமையல்: சரினெம்' என்று எழுதுங்கள். இடம் போதாது என்றால் என் பெயரை எடுத்துவிட்டு எழுதுங்கள். பொறுப்பாளர் தலையசைக்கிறார். இத்தனை பேர் சாட்சி.

இத்தனை ஆண்டுகள் அண்ணன் அந்தக் குச்சியைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். போன வாரம் வுலந்தாரி, அப்பாவின் கடைசித் திரைக்கதையை என் கையில் கொடுத்தார். எழுதி முடித்துவிட்டார், எடுக்கத்தான் ஆயுள் இல்லை. கடைசிக் காட்சியில் மழை. ஓரத்தில் பென்சிலால், அவர் கையெழுத்தில், இரண்டு வரி:

"நிஜ மழை வேண்டும். ருக்மி, இந்தத் தடவை எதையும் நட்டு வைக்காதே."

அதைப் படித்தபோது அழுதேன். இங்கே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்க வேண்டாம்.

இந்தப் படத்தை வுலந்தாரி இயக்குவார், நாங்கள் எடுத்து முடிப்போம். ஒவ்வொரு வரியும் முதலில் சரினெம் அக்காவின் காதுக்குப் போகும், கரண்டி நின்றால்தான் படத்தில் நிற்கும். இது இந்த அவையில் நான் கொடுக்கும் வாக்கு. டிசம்பரில் லாசெம் போகிறோம்.

முதல் நாள் காலை வெறுங்கையோடு வருகிறேன், அண்ணே.