வாசலில் விட்ட நீலச் செருப்பு

பெயர் புஷ்பவல்லி த/பெ கன்னையா. வயது முப்பத்தெட்டு. தொழில், பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுதல். அடையாள அட்டை பார்வையிடப்பட்டது. முகவரியைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். புகாரை எழுதும் போலீஸ் சார்ஜன் கார்த்திகேசு அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டார்.

நான் தமிழில் சொல்ல அவர் எழுதுகிறார். என் கணவன் லோகன் துறைமுகத்தில் லோரி ஓட்டுபவன், பண்டமாரானில் இருப்பவன். சார்ஜன் முதலில் 'அவர்' என்று எழுதினார். 'அவன்' என்றே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். என் கையை இரண்டு இடத்தில் முறித்தவனுக்கு மரியாதை ஒன்றுதான் குறைச்சலா? அவன் என்னை நெருங்கக்கூடாது என்று கோர்ட் ஆணை இருக்கிறது. நான் வீட்டை விட்டு வந்து ஐந்து வாரமாகிறது.

உயிரோடு வெளியே வந்தால் கிள்ளான் பழைய மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாக வேண்டியிருந்தேன். நான் இந்து. ஆனாலும் பல வருடமாகச் சனிக்கிழமைகளில் அங்கே போவேன், அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் போனது என் தப்பு. வேண்டுதலைப் பாக்கி வைக்க எனக்குப் பயமாக இருந்தது.

இன்று சனிக்கிழமை, மதியம் மூன்று மணிவாக்கில் என்னோடு வேலை செய்யும் ஜெசிந்தாவுடன் அங்கே போய்ச் சேர்ந்தேன். சாலையில் அவன் லோரி நிற்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன், இல்லை. அதன் பிறகு வாசலில் செருப்பைக் கழற்றினேன். "செருப்போடவே வா லா, இங்க யாரும் கழட்ட மாட்டாங்க," என்றாள் ஜெசிந்தா. சாமி இருக்கும் இடத்துக்குச் செருப்போடு போக எனக்கு மனம் வராது. அது நீலச் செருப்பு, வாரில் மஞ்சள் பூ. போன தீபாவளிக்கு பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அவன் வாங்கிக் கொடுத்தது. வாசலில் வேறு செருப்பே இல்லை.

அதன் பிறகு ஜெசிந்தா மெழுகுவர்த்தி வாங்க அலுவலகப் பக்கம் போனாள். உள்ளே பெஞ்சு துடைக்கும் வயதானவர் ஒருவர் மட்டும் இருந்தார். நான் மாதா சொரூபத்தின் கண்ணாடிப் பெட்டி முன் நின்றேன். அந்தக் கண்ணாடியில் எனக்குப் பின்னால் வாசல் தெரிந்தது. வாசலில் லோகன் குனிந்து என் செருப்பைக் கையில் எடுப்பதைப் பார்த்தேன்.

பக்கத்தில் பாவத்தைச் சொல்லும் மரக்கூண்டு இருந்தது. திரையை விலக்கி உள்ளே போய் உட்கார்ந்தேன். அதன் பிறகு ஒரு சத்தமும் கேட்கவில்லை. திரை தரை வரை எட்டாது. சற்று நேரத்தில் திரைக்குக் கீழே இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன. அவனும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறான். இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது, பெட்டி விழுந்த காயம், நான் மருந்து போட்ட விரல்.

அவன் சத்தம் போடவில்லை. "புஷ்பா, செருப்பு இங்க இருக்கு. வெளிய வெயில், கால் சுடும். வா, வீட்டுக்குப் போலாம்," என்றான். கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அப்போது பெஞ்சு துடைத்தவர், "பாஸ், பாவசங்கீர்த்தனம் அஞ்சு மணிக்குத்தான்," என்றார்.

"என் சம்சாரத்தக் காணோம் அங்கிள். கொஞ்சம் புத்தி சரியில்லாதவ," என்றான் அவன்.

அவர் கால்களும் திரைக்கு முன் வந்து நின்றன. என் வெறுங்கால்கள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "உள்ள யாரும் இல்ல. கதவச் சாத்தப் போறேன், கிளம்புங்க," என்றார். கோயிலுக்குள் நின்று எனக்காகப் பொய் சொன்னார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அவன் உடனே போகவில்லை. எவ்வளவு நேரம் நின்றான் என்று சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு அந்தக் கால்கள் திரும்பின, வெளியே மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. மெழுகுவர்த்தியோடு திரும்பி வந்த ஜெசிந்தா போலீசுக்கு போன் செய்தாள். வாசலில் என் இடது செருப்பு மட்டும் நேராக வைக்கப்பட்டிருந்தது. வலது இல்லை. இரண்டையும் கொண்டுபோயிருந்தால் கோபம் என்று நினைத்திருப்பேன். ஒன்றை வைத்தது நான் பார்ப்பதற்காக.

இடது செருப்பை ஒப்படைத்துவிட்டேன். இப்போது காலில் இருப்பது இங்குள்ள பெண் போலீஸ் கொடுத்த ஜப்பான் ரப்பர் செருப்பு. அவன் இன்னும் பிடிபடவில்லை.

முகவரி சொல்லச் சொன்னார் சார்ஜன். இதன் நகல் அவன் வக்கீலுக்குப் போகுமா என்று கேட்டேன். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் போகலாம் என்றார். "அப்படின்னா இந்த ஸ்டேஷன் முகவரியப் போடுங்க அண்ணே," என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

சொன்னதை எல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, நடந்தது இதுதான் என்று கையெழுத்திடுகிறேன்.

முகவரி:

(ஒப்பம்) க. புஷ்பவல்லி