டாக்டர் கேட்டது சிகரெட்டை

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். என் வீட்டுக்காரர் இருந்தவரை அட்டையை மடித்து முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்.

நாற்பது வருடம் தையல் மிஷின் மிதித்த கால் அவருக்கு. முட்டி வலி பொறுக்காமல் அழுவார். பழைய கூட்டாளி ஒருவர்தான் கஞ்சா கொண்டுவந்து கொடுத்தார். இவருக்குக் கை நடுக்கம். சட்டைப் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துப் பழகிய என் விரல்தான் சுருட்டிக் கொடுத்தது.

இதய டாக்டர், நாங்கள் போகும்போதெல்லாம் கேட்பார், "சிகரெட் உண்டா?"

"கையால தொட்டதில்ல டாக்டர்" என்பேன். அது பொய்யில்லையே.

நர்ஸ் பெண்தான் என்னைத் தனியாக அழைத்தாள்.

"வேற எதுவும் புகைக்கிறாராம்மா? கஞ்சா மாதிரி? இந்த வயசுல அது நெஞ்சைப் படபடன்னு அடிக்க வைக்கும். எழுந்தா தலை சுத்தும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை வேற சாப்பிடுறார். விழுந்து அடிபட்டா ரத்தம் நிக்காது."

"பீடி வாசனையே அவருக்கு ஆகாதும்மா" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

அவர் சந்தேகப் பிராணி. "பால் வாங்க இவ்ளோ நேரமா? யாரோட பேசிட்டு வர்ற?" கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு. புகைத்த முதல் மாதம் மட்டும் சிரித்தார், என்னைக் 'கண்ணு' என்றார். பிறகு அந்தப் புகையே சந்தேகத்தை இரண்டு மடங்காக்கியது.

"டீ ஏன் கசக்குது? என்னடி கலந்த?"

"கசப்பு உங்க வாயில."

டீயில் எதுவும் கலக்கவில்லை. நர்ஸ் சொன்ன மறுநாளிலிருந்து ஒன்றுக்குப் பதில் இரண்டு சுருட்டினேன், அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் தப்பாகவே சந்தேகப்பட்ட மனுஷர், அன்றுதான் முதல்முறையாகச் சரியாகச் சந்தேகப்பட்டார்.

விழுந்த அன்று காலையிலும் கேட்டார், "எதுக்குடி ரெண்டு?"

"முட்டி வலிக்குமே."

"வலி போய் ஆறு மாசம் ஆச்சு."

ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக் கொடுத்தேன். இழுத்து முடித்துவிட்டு எழுந்தார். குளியலறை வாசலில் தலை மோதிய சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன் டீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தேன். ஈ மொய்க்கும் பாருங்கள்.

நான் அவரைத் தள்ளவில்லை. வலி வந்த பிறகா ஒரு நல்ல மனைவி மருந்து கொடுப்பாள்?